பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தினால் எங்கே போவான்?

(அம்பாசமுத்திரத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் மேடை ஏறுவதற்குள்ளேயே நாலைந்து பேர் வந்து, "எங்க ஊர்லயும் கஞ்சா வந்துட்டு" என்று சொல்லிவிட்டார்கள். விற்கிறவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பெட்டிக்கடைக்காரர் காதில் இதை யாராவது போட்டு வைத்தால் நல்லது. நான் பேச வந்தது வாங்குகிற பையனைப் பற்றி.

முதல் பீடியில் யாருக்கும் சுகம் கிடைப்பதில்லை, இருமல்தான் வரும். அப்புறம் ஏன் இரண்டாவதைப் பற்றவைக்கிறான்? பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். 2005இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது வளரிளம் பருவத்தினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கிளர்ச்சியைத் தேடுகிற மூளைப்பகுதி பதின்ம வயதிலேயே வேகம் எடுத்துவிடுகிறது. நிதானிக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதி முதிர 25 வயதை ஒட்டி ஆகிறது. அணையில் தண்ணீர் ஏறிவிட்டது, மதகு இன்னும் பொருத்தவில்லை.

அந்த நாலு பேரில் ஒருவனாக இருக்க வேண்டும் என்கிற தவிப்பு சின்ன விஷயமில்லை. நம் பள்ளிக்கூடங்களில் பையன்கள் கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டியதும் இதே தவிப்பில்தான் என்பது என் எண்ணம். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. சரி, கயிற்றை அறுத்துவிடலாம். 'நானும் ஒரு ஆள்' என்று காட்டிக்கொள்ள வேறு என்ன இடம் வைத்திருக்கிறோம்? மார்க் எடுக்கிறவனுக்கு மேடை உண்டு. எடுக்காதவனுக்குக் கெத்துதான் மிச்சம்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். ஊர்க்கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, மும்பையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். முன்னால் வில்லுப்பாட்டு, பின்னால் தோப்பில் பாட்டில். கிளாஸ் கழுவவும் மிக்சர் வாங்கிவரவும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வேண்டும். "ஏலே, ஒரு மடக்கு குடிச்சிப் பாரு, ஆம்பளப் பயதானே!" என்னிடம் வந்த பையன்கள் பலருக்கு முதல் மடக்கைக் கொடுத்தது கஞ்சா வியாபாரி இல்லை. சித்தப்பா, மாமா, அண்ணனுடைய கூட்டாளி. வீட்டுக்குள்ளேயே ஆம்பளைத்தனத்தின் அடையாளமாக அதை வைத்துவிட்டு, வெளியில் தொட்டால் கெட்டுப்போனான் என்கிறோம்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். குறை சொல்லவில்லை, அந்தத் தட்டில்தான் பல பிள்ளைகளின் பீஸ் கட்டப்பட்டது. ஆனால் தூள் வாசனையிலேயே வளர்ந்த பிள்ளைக்குப் புகையிலை பயப்படுகிற பொருளாகத் தெரியாது. 2019இல் எடுத்த தேசியக் கணக்கில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள்.

இன்னொரு வகைப் பையன்களும் உண்டு. இவர்களுக்குக் கூட்டாளியே வேண்டாம். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிற வீடு, தூங்க முடியாத ராத்திரி, யாரும் பெயர் வைக்காத மனச்சோர்வு. அவனுக்குப் போதைதான் மருந்து. எடுத்துக்கொண்ட அரை மணி நேரம் பதற்றம் அடங்குகிறது, அவ்வளவுதான். இவனிடம் நுரையீரல் படம் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. பெண்பிள்ளைகளும் இப்படித் தவிப்பதுண்டு; நாம் பார்ப்பதே இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பையில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் கிடைத்தது என்று டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டால் அவன் போவது பஸ் ஸ்டாண்டுக்கு. அங்கே அவனை மதிக்கிற கூட்டம் தயாராக இருக்கிறது. பகலில் எட்டு மணி நேரம் நம் கண்முன் இருந்தவனை நாமே ஒப்படைக்கிறோம்.

"வாயில வாடை வருது, என்ன செய்யட்டும்?" என்று ஒரு அம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி கேட்காதீர்கள் அம்மா, அடிக்கவும் வேண்டாம். மறுநாள் சாப்பிட வைத்து, யாரோடு, எப்போது, எதற்கு என்று கேளுங்கள்; பாதி சொன்னாலும் போதும். மனநல உதவி எண் 14416க்கு நீங்களே கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. போதைக்கென்றே 14446 இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. கூட யாராவது வர வேண்டுமென்றால் அவன் மதிக்கிற ஆளாகப் பாருங்கள், கொடையில் ஊற்றிக் கொடுத்த மாமா வேண்டாம்.