மூடி மாறினால் மூடாது: பாப்பாவுக்கு என்ன பொம்மை வாங்கலாம்?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது. தண்டையார்பேட்டையில் சத்தமில்லாத நேரம் பார்த்து வீடியோ எடுக்க வேண்டுமென்றால் நடுராத்திரிதான் உட்கார வேண்டும்.

"அக்கா, ரெண்டரை வயசுப் பாப்பா தானாக உட்கார்ந்து விளையாட என்ன வாங்கலாம்?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் நான் ஏமாந்த கதை. எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனவள், 850 ரூபாய் கொடுத்து ஒரு பொம்மை லேப்டாப் வாங்கி வந்தேன். பட்டனை அழுத்தினால் பாடும், விளக்கு எரியும். மகள் இரண்டு நாள் அழுத்தினாள். மூன்றாம் நாள் அதன் மேல் ஏறி நின்று ஜன்னலை எட்டிப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டும் ஆட்டமும் பொம்மையே பார்த்துக்கொண்டால் இவளுக்கு அங்கே என்ன வேலை?

இப்போது இதைப் பாருங்கள், கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டப்பா செட். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், மொத்தம் ஐந்து. போன வாரம் பாப்பா இதைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய டப்பாவில் சின்ன மூடியை வைத்தாள், உள்ளே விழுந்து 'டங்' என்றது. எடுத்தாள். பெரிய மூடியைச் சின்னதில் கவிழ்த்தாள், தொளதொளவென்று ஆடியது. அத்தைக்குப் பொறுக்கவில்லை, "இப்படி வைடி கண்ணு" என்று கையை நீட்டினார். நான் கண் ஜாடை காட்டி நிறுத்திவிட்டேன். (சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை, அது தனிக்கதை.) கடைசியில் ஒரு மூடி 'டக்' என்று உட்கார்ந்தது பாருங்கள், அவளே கை தட்டிக்கொண்டாள். மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். அரை மணி நேரம் என்னைக் கூப்பிடவே இல்லை!

தப்பு என்று யாரும் சொல்லவில்லை, மூடிதான் சொன்னது. குழந்தை தானே செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற மாண்டிசோரி கல்வி முறையில் இருக்கிற மர உருளைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு கட்டையில் 10 குழி, 10 உருளை. ஒன்று இடம் மாறினாலும் கடைசியில் ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்கும். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தன் முதல் பள்ளியை 1907-ல் ரோம் நகரில் ஆரம்பித்தது, நம் ஏரியா மாதிரி கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருந்த குடியிருப்பில்தான். 1939-ல் நம்ம அடையாறு பிரம்மஞான சபைக்கே வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். ஆனால் இன்று 'மாண்டிசோரி' என்று அட்டையில் அச்சடித்தாலே விலை ஏறிவிடுகிறது. அந்தப் பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

கடையில் நான் பார்ப்பது, பொம்மை ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கிறதா என்பதைத்தான். அளவு என்றால் அளவு மட்டும். வளையம் அடுக்குவது, குமிழ் வைத்த மரப் புதிர் எல்லாம் சரி. நிறம், எழுத்து, பாட்டு எல்லாம் ஒன்றிலேயே இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மூன்று வயதுக்குள் என்றால் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னதாக எதுவும் வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். பல்லாங்குழி எனக்கு உயிர், எண்ணிக்கை பழக அதைவிட வேறென்ன வேண்டும்! ஆனாலும் சோழியும் புளியங்கொட்டையும் இப்போதைக்குப் பரண் மேல்தான். பட்டன் பேட்டரி இருந்தால் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. தர முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்கள் செய்வதற்கும், கர்நாடகத்தின் சென்னபட்டணா மர பொம்மை மாதிரி, இந்த ஊர்ப் பொருள் என்று புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கீழ்த்தட்டில் நாலு மட்டும் இருக்கும், மிச்சம் கட்டிலுக்கு அடியில். சலித்தால் மாற்றுவேன்.

இருங்கள், சமையலறையில் ஏதோ விழுந்தது... ஒன்றுமில்லை. டப்பா செட்டில் பெருங்காய டப்பாவின் மூடியைக் காணோம், மூன்று நாளாகத் தேடுகிறோம். கிடைத்தால் அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.