லாங்போர்டைச் சறுக்கி நிறுத்துவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் 13, 14 வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், கராஜ் சுவரில் ஒரு லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, சாய்ந்து நிற்பது சகஜமாகிவிட்டது. பிறந்தநாளுக்கு வாங்கியதாக இருக்கும், அல்லது பக்கத்து வீட்டு அண்ணன் காலேஜுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். சைக்கிள் வாங்கினால் பிரேக்கும் சேர்ந்தே வரும். லாங்போர்டில் பிரேக் என்று ஒன்றும் கிடையாது. நிறுத்துவது முழுக்க முழுக்க ஓட்டுகிறவரின் உடம்பில்தான் இருக்கிறது. இந்த ஊரிலோ எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஏதோ ஒரு பக்கம் சரிவு. அதனால், நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் சரிவில் இறங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிறுத்துவதுதான் அதற்கான வழி, அதையும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தச் சறுக்கு பிறந்ததும் நம் பக்கத்தில்தான். 1970-களின் தொடக்கம் வரை ஸ்கேட்போர்டுகளில் களிமண் கலவையில் செய்த கெட்டியான சக்கரங்கள்தான் இருந்தன. சின்னக் கல் மாட்டினாலும் பலகை அப்படியே நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். அப்போது ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் வார்த்த சக்கரங்களை கேடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் விற்கத் தொடங்கினார். யூரித்தேன் ரப்பர் மாதிரி தரையைப் பிடிக்கும், சின்னச் சின்னக் கற்களின் மேல் சுலபமாக ஏறி இறங்கிவிடும். மலைத் தெருவில் வேகமாக இறங்க முடியும் என்ற நிலை வந்ததும், எப்படி நிறுத்துவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

பெர்க்லி மலைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுகலான தெரு, வளைவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது, இரண்டு ஓரமும் கார்கள். அங்கே 1970-களில் ஓட்டிக்கொண்டிருந்த கிளிஃப் கோல்மன் என்பவர், கையுறை மாட்டிய கையைத் தரையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு கோல்மன் ஸ்லைடு என்றுதான் பெயர். வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் லூப்ஸ் என்ற பழைய மலைப்பாதை இருக்கிறது. அதில் இப்போது கார்கள் ஓடுவதில்லை, லாங்போர்டுப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. அந்த அளவுக்குத் தேறியவர்களும் கொண்டை ஊசி வளைவு வந்தால் குனிந்து கையை ஊன்றத்தான் செய்கிறார்கள். ஆகவே, கையை ஊன்றுவது கற்றுக்குட்டி வேலை என்று நினைத்து யாரும் கூச்சப்பட வேண்டாம்.

காலாலேயே நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஒரு வேகம் வரைக்கும். பின்காலை எடுத்துத் தரையில் வைத்து, காலணியின் அடிப்பாகத்தைத் தேய்த்து நிறுத்துவதை ஃபுட்பிரேக் என்பார்கள். சறுக்கைத் தொடுவதற்கு முன்னால் அதைக் கட்டாயம் கற்றிருக்க வேண்டும். சமதளத்தில், முன்கால் ஒன்றிலேயே முழு எடையையும் தாங்கி அசையாமல் நிற்க வந்தால்தான் அது சரியாக வரும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் கரைக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஒரு தேய்ப்பில் நின்ற பலகை, 20-இல் அதைப் போல நான்கு பங்கு தூரம் கேட்கும், 30-இல் ஒன்பது பங்கு. சரிவில் அந்த நேரம் முழுக்க பூமி வேறு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அவ்வளவு தூரம் தேய்ப்பது நடக்கிற காரியம் இல்லை. பலகையிலிருந்து குதித்து ஓடி நின்றுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் ஓடக்கூடிய வேகத்தைத் தாண்டிவிட்டால் அதுவும் உதவாது.

சறுக்கும்போது என்ன நடக்கிறது? சக்கரம் முன்னே பின்னே உருளும், பக்கவாட்டில் நகராது, தரையைப் பிடித்துக்கொள்ளும். பலகையை வேகமாகக் குறுக்கே திருப்பினால், ஒரு கட்டத்தில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஒருமுறை விட்டுவிட்டால், சறுக்கிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் உராய்வு முன்பிருந்த பிடியைவிடக் குறைவு. அதனால் சறுக்கல் தொடர்கிறது, வேகம் வெப்பமாக மாறிப்போகிறது. யூரித்தேனின் மேல்தோல் கொஞ்சம் தேய்ந்து தார்ச்சாலையில் வண்ணக் கோடாக ஒட்டிக்கொள்ளும். மலைத் தெருக்களில் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ வளைந்த கோடுகளைப் பார்த்தால், அங்கே யாரோ சறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, இதற்கு என்னென்ன வேண்டும்? முதலில் ஹெல்மெட். கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும்போது ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். லாங்போர்டில் பின்னால் சாய்ந்து விழுவது அதிகம், பின்மண்டைதான் முதலில் போய் அடிபடும். வாங்கும்போது உள்ளே இருக்கும் ஒட்டுத்தாளில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்கேட்போர்டுக்கான தரம். முட்டிக்கும் முழங்கைக்கும் பேட் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்லைடு கிளவுஸ். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். பார்க்க சாதாரணத் தோல் கையுறை மாதிரிதான் இருக்கும். உள்ளங்கைப் பக்கம் வெல்க்ரோ தைத்திருக்கும், அதன் மேல் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் வட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வட்டுக்கு பக் என்று பெயர். கடையில் வாங்க வசதியில்லாதவர்கள், காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டி, தோட்ட வேலைக் கையுறையில் வெல்க்ரோ ஒட்டித் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதுவும் நன்றாகவே உழைக்கும், ஆனால் வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட வேண்டும். கூரான விளிம்பு சாலை விரிசலில் மாட்டினால் மணிக்கட்டு திருகிக்கொள்ளும்.

சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. யூரித்தேனின் கடினத்தை 78ஏ, 80ஏ, 83ஏ என்று அளவு போட்டு விற்பார்கள். எண் குறைந்தால் மென்மை, பிடி அதிகம். விளிம்பு சதுரமாக இருந்தாலும் பிடி அதிகம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு 80ஏ-க்கு மேலே, விளிம்பு உருண்டையாக இருக்கும் சக்கரம் நல்லது. லேசாகப் பிடிவிட்டு, அதே மாதிரி லேசாகத் திரும்பவும் பிடிக்கும். பலகை தாழ்வாக இருந்தால் கை தரைக்கு எட்டுவது சுலபம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். வாரக் கடைசியில் காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் லாட்டில் லேசான சரிவு இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. சரிவு முடிந்ததும் சமதளம் இருக்க வேண்டும், ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் பலகை தானாக ஓய்ந்துவிட வேண்டும். தரை மழமழவென்று இருக்க வேண்டும், மணலும் சருகும் இல்லாமல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தில் முயலவே வேண்டாம், சக்கரம் எப்போது வழுக்கும், எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது சறுக்குக்கு வருவோம். இடது காலை முன்னால் வைத்து ஓட்டுகிறவர்களை ரெகுலர் என்பார்கள், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. நான் ரெகுலர்காரர்களுக்குச் சொல்கிறேன், கூஃபிகள் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பலகையைப் புல்தரையில் வைத்து, நின்ற இடத்திலேயே பழகுங்கள். முன்பாதம் முன் ட்ரக்கின் (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோக அச்சு) திருகுகளுக்குச் சற்றுப் பின்னால், சாய்வாக. இரண்டு முட்டியையும் மடக்கி நன்றாகக் குந்துங்கள். பின்கால் முட்டி முன்காலை நோக்கி உள்ளே மடங்கட்டும். இடது கையை இடது குதிகாலுக்குப் பின்பக்கம், உடம்புக்குப் பக்கத்திலேயே தரையில் வையுங்கள். வலது கை காற்றில் இருக்கட்டும். இந்த நிலையில் தடுமாறாமல் உட்கார வரும்வரை உருளவே வேண்டாம். தொடை வலிக்கும், வலிக்கட்டும்.

பிறகு மெதுவான வேகத்தில், மணிக்கு 15, 20 கிலோமீட்டருக்குள் இறங்குங்கள். முதலில் கால்விரல்களை அழுத்தி வலப்பக்கம் லேசாக ஒரு வளைவு. உடனே குந்திக்கொண்டு, குதிகால்களை அழுத்தி இடப்பக்கம் கூர்மையாகத் திரும்புங்கள். திரும்பும்போதே இடது கையின் பக் தரையைத் தொட வேண்டும், வலது கையை இடப்பக்கமாக வீசித் தலையையும் தோளையும் மேட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். தலை போகிற பக்கம் தோள் போகும், தோளைத் தொடர்ந்து இடுப்பு, இடுப்பைத் தொடர்ந்து பலகை. பின்காலால் பலகையை வெளியே தள்ளுங்கள். சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் சக்கரம் பிடிவிட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கேயே அப்படியே இருங்கள், பலகை தானாக நிற்கும். நிற்காமல் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டுமானால், வலது கையைத் திரும்ப வலப்பக்கம் வீசிப் பள்ளத்துப் பக்கம் பாருங்கள், பலகை பழைய திசைக்கு வந்து உருளத் தொடங்கும்.

கையில் எவ்வளவு எடை போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பயத்தில் உடம்பு முழுவதையும் அந்தக் கையின் மேல் சாய்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பலகையின் மேல் எடையே இல்லாமல் போய், அது காலடியிலிருந்து நழுவி ஓடிவிடும், ஆள் மட்டும் தரையில் உட்கார்ந்திருப்பார். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவும்போது கை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான் அழுத்த வேண்டும். எடை காலில் இருக்க வேண்டும், கை ஒரு மூன்றாவது காலாக இருந்தால் போதும்.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது, இதைவிட ஆபத்தானது. பாதி திரும்பி, பயந்துபோய் எழுந்து நின்றுவிடுவது. பலகை குறுக்கே நிற்கும்போது சக்கரம் சட்டென்று தரையைப் பிடித்துக்கொண்டால், பலகை நின்றுவிடும், உடம்பு போன வேகத்திலேயே பள்ளத்துப் பக்கம் தூக்கி எறியப்படும். ஹைசைடு என்று இதைச் சொல்வார்கள். இதில்தான் தோள்பட்டையும் மணிக்கட்டும் உடைகிறது. தொடங்கிவிட்டால் தாழ்ந்தே இருந்து முடித்துவிட வேண்டும். முடிக்க மனமில்லை என்றால் வளைவுக்கு முன்னாலேயே விட்டுவிட்டு, நேராகச் சமதளம் வரை போய் நில்லுங்கள்.

தெருவுக்குப் போகிற நாள் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ரெகுலர்காரர் குதிகால் பக்கம் திரும்பினால் நடுக்கோட்டை நோக்கித்தான் திரும்புகிறார். சறுக்கு உங்கள் பாதைக்குள்ளேயே முடிய வேண்டும். பார்க்கிங் லாட்டில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு, அதற்குள் நிறுத்திப் பழகுங்கள். கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் வரை தெரு வேண்டாம். கோடு போட்ட இடத்தில் நிற்க வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவைக் கூட்டலாம்.

கால்விரல் பக்கம் சறுக்குவது, அதாவது டோசைடு, அடுத்த பாடம். அதில் மேட்டைப் பார்த்தபடி இரண்டு கையையும் தரையில் வைத்து, முட்டி பேடின் துணையோடு சறுக்கலாம். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் பலருக்கு அது மனத்தடையாக இருக்கும். அதற்கும் இதே ஒழுங்குதான்: புல்தரை, மெதுவான சரிவு, பிறகு மற்றது. நின்றபடியே, கையைத் தரையில் வைக்காமல் சறுக்குவதை வீடியோக்களில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்க ஆசைப்படுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் விழுகிற உயரம் அதிகம். கையூன்றிச் சறுக்குவது கைவந்த பிறகு அது தானாகவே கிட்ட வரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போர்டைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டால், பிள்ளை நண்பனுடைய போர்டில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவான், ஓட்டுவாள். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே பார்க்கிங் லாட்டுக்குப் போங்கள். "எங்கே, இந்தக் கோட்டில் நிறுத்திக் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர்கள் காட்டட்டும். நிறுத்த வந்தால் அடுத்த சரிவு, வராவிட்டால் அதே இடம்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். சரியாக 90 பாகைக் கோணத்தில் சறுக்கினால் சக்கரம் சுழலாமல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்படி ஆன சக்கரம் உருளும்போது தடதடவென்று அடிக்கும், அடுத்த சறுக்கில் தட்டையான இடம் வந்ததும் திக்கும். 90-க்குக் கொஞ்சம் முன்போ பின்போ கோணத்தை வைத்துக்கொண்டால் சக்கரம் சுழன்றபடியே சமமாகத் தேயும். கையுறையில் இருக்கும் பக் வட்டையும் திருப்பிப் பாருங்கள். நடுவில் குழிந்து வெல்க்ரோ தெரிகிற அளவுக்குப் போயிருந்தால், அடுத்த தடவை இறங்கும் முன் புது பக் ஒட்டிவிடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.