16 கட்டத்துக்குள் ஒரு மீசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராக வழக்குக்கு வருகிறேன்.

சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களால் படம் வரைகிற பழைய பிக்சல் பாணி இன்றைய வீடியோ கேம்களிலும் எடுபடுகிறது என்பது எங்கள் அணியின் கட்சி. மறுத்துப் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், அரங்கமே கைதட்டியது. "என் கண்ணாடியைக் கழற்றினால் எந்த கேமும் இப்படித்தான் தெரியும். இதற்குக் கலை என்று பெயரா?"

அண்ணா, கண்ணாடியைக் கழற்றினால் விளிம்புகள் கரைந்துபோகும். பிக்சல் கரையாது. ஒவ்வொரு கட்டத்தையும் யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு கட்டம் இடம் மாறினால் சிரிக்கிற முகம் முறைக்கும்.

சான்று தருகிறேன். ஆண்டு 1981. 'டாங்கி காங்' கேமுக்கு ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ ஒரு நாயகனை வரைய உட்காருகிறார். கிடைத்த இடம் அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம். வண்ணம் மூன்று. அவ்வளவுதான் அவருடைய சொத்து! முதலில் மூக்கு. பெரிய மூக்கு. அதற்குக் கீழே வாய் வைக்க வேண்டுமே, இடம் எங்கே? மீசையை வைத்தார். வாய் வரையும் வேலை மிச்சம், மூக்கும் தனியாக எடுத்துக் காட்டியது. சரி, தலைமுடி? இவனோ குதிக்கிறவன். குதித்தால் முடி பறக்க வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் பறக்கிற முடிக்கு எங்கே போவது? தொப்பியை மாட்டிவிட்டார். முடிந்ததா? முடியவில்லை. ஓடும்போது கையை வீச வேண்டும். உடலும் கையும் ஒரே நிறமானால் கை வீசுவது யாருக்குத் தெரியும்? தோளில் பட்டை வைத்த கால்சட்டையை வேறு நிறத்தில் போட்டுவிட்டார், கை தெரிந்தது. அந்த மீசைக்காரர்தான் மாரியோ!

அவையோரே, இன்று ஒவ்வொரு மயிரிழையையும் தனித்தனியாக அசைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மாரியோவின் மீசையை யாராவது எடுத்தார்களா? தொப்பியைக் கழற்றினார்களா? 2017-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிசி'யில் அந்தத் தொப்பி ஒரு கதாபாத்திரமாகவே ஆகிவிட்டது. முடி வரைய இடமில்லாமல் வைத்த தொப்பி, அண்ணா!

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற பிக்சல் கேமுக்கு வாருங்கள். நாயகி மேடலினின் தலைமுடி சிவப்பாக இருந்தால் காற்றில் ஒரு பாய்ச்சல் மிச்சமிருக்கிறது. நீலமானால் தீர்ந்துவிட்டது. நாலைந்து புள்ளி முடி உயிர் போகிற நேரத்தில் இத்தனையும் சொல்லிவிடுகிறது. 'ஸ்டார்டியூ வேலி' என்ற இன்னொரு பிக்சல் கேமின் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016-இல் வெளியிட்டார். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

எல்லா பிக்சல் கேமும் தேறும் என்று வாதாட மாட்டேன். நாயகனின் கட்டம் ஓர் அளவு, பக்கத்து மரத்தின் கட்டம் வேறு அளவு என்று ஒரே திரையில் கலந்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. அது சோம்பல்.

நடுவர் அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த 'டு தி மூன்' என்ற பிக்சல் கேம். ஜானி என்ற முதியவர் சாகக் கிடக்கிறார். நிலவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. ஏன் என்று அவருக்கே தெரியாது. அவருடைய நினைவுகளுக்குள் நுழைந்து அந்த ஆசையைத் தீர்த்துவைக்க இரண்டு பேர் வருகிறார்கள். மறைந்துபோன மனைவி ரிவர் மடித்துவைத்த காகித முயல்கள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. அவள் எதற்காக மடித்தாள் என்று கணவருக்குப் புரியவே இல்லை.

அந்த ரிவரின் கண்களுக்குச் சில புள்ளிகள்தான். கண்ணீர் வரைய அங்கே இடமில்லை. கடைசிக் காலத்தில் என் பாட்டி ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய பெயர் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. ரிவரின் முகத்தில் நான் பாட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறபடி வரைந்திருந்தால் அது ரிவரின் முகமாக மட்டும் இருந்திருக்கும், என் பாட்டிக்கு அதில் இடம் இருந்திருக்காது. முயல்களுக்கான காரணம் தெரிந்தபோது விளையாட்டை நிறுத்திவிட்டு வெகுநேரம் அழுதேன்.

காரணத்தை இங்கே சொல்ல மாட்டேன். இன்னும் விளையாடாதவர்களுக்கு அதை விட்டுவைக்கிறேன். நன்றி, வணக்கம்.