ஹாட்ரிக் என்றால் எந்த மூன்று?

நேயர்களுக்கு வணக்கம். ஹாட்ரிக் என்ற சொல் மைதானத்தை விட்டு வெளியே வந்து ரொம்ப காலமாகிறது. ஒரு கட்சி தொடர்ந்து மூன்று தேர்தலில் ஜெயித்தால் ஹாட்ரிக், ஒரு நடிகருக்கு வரிசையாக மூன்று படம் ஓடினாலும் ஹாட்ரிக். மூன்று என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப்பட்ட மூன்று என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு மாறுகிறது.

தொடக்கம் கிரிக்கெட். 1858-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஹெச்.ஹெச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். அதைப் பாராட்டிப் பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தொப்பிதான் இந்த ஹாட். டெஸ்டில் முதல் ஹாட்ரிக், 1879-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் ஸ்போஃபோர்த் எடுத்தது.

கிரிக்கெட்டில் நிபந்தனை கறாரானது. மூன்றும் ஒரே பவுலரின் அடுத்தடுத்த பந்துகளாக இருக்க வேண்டும். நடுவில் ரன் அவுட் விழுந்தால் அது அவர் கணக்கில் வராது. ஆனால் ஓவர் முடிந்தாலும், ஏன், இன்னிங்ஸே முடிந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடாது. 1988-ல் பெர்த்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மெர்வ் ஹியூஸ் எடுத்ததைப் பாருங்கள். ஓர் ஓவரின் கடைசிப் பந்தில் ஆம்ப்ரோஸ் அவுட். தன் அடுத்த ஓவரின் முதல் பந்தில் பேட்டர்சன் அவுட், அதோடு இன்னிங்ஸும் காலி. அப்புறம் ஆஸ்திரேலியா தன் முறைக்கு ஆடி, டிக்ளேர் செய்தது. மறுபடி பந்தைக் கையில் வாங்கிய ஹியூஸ், முதல் பந்திலேயே கிரீனிட்ஜை எல்பிடபிள்யூ ஆக்கினார். மூன்று ஓவர், இரண்டு இன்னிங்ஸ், ஒரே ஹாட்ரிக். நிதானமாக எண்ணிப் பார்த்தால்தான் பிடிபடும்!

கால்பந்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் போட்டால் போதும், இடையில் யார் போட்டாலும் பரவாயில்லை. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மெஸ்ஸி ஒன்று போட்டார். அப்படியும் அது ஹாட்ரிக்தான். பாவம், கோப்பை என்னவோ மெஸ்ஸி பக்கம் போய்விட்டது. தலையால் ஒன்று, வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று என்று அமைந்தால் அதற்குத் தனி மவுசு. பெர்ஃபெக்ட் ஹாட்ரிக் என்பார்கள். ஐஸ் ஹாக்கியிலோ மூன்றாவது கோல் விழுந்ததும் ரசிகர்கள் தங்கள் தொப்பிகளைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசுகிறார்கள்.

மைதானத்துக்கு வெளியே நாம் பேசுவது கால்பந்துக் கணக்கு அல்ல, கிரிக்கெட் கணக்கு. இரண்டு தேர்தலில் ஜெயித்து, ஒன்றில் தோற்று, மறுபடி ஜெயித்தவருக்கு 'ஹாட்ரிக் வெற்றி' என்று போஸ்டர் ஒட்டினால் எனக்கு உறுத்தும். ஹாட்ரிக் தோல்வி என்று சொல்வதில் மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாராட்டுக்கு வாங்கிய தொப்பியைத் தோற்றவர் தலையில் வைக்கும் குறும்பு அது. அதற்கும் மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும், அவ்வளவுதான்.