பாட்டி கொண்டுவந்த துணி

தாய்மார்களே, கிராமச் சுகாதாரச் செவிலியர்களே,

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி, நாற்பது நாள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து, துவைக்காமல் மடித்துவைத்த துணியை எடுத்து மேசையில் விரித்தார். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையின் நிறத்தில் மலம். குழந்தையின் கண்களோ மஞ்சள். அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் இளவெயிலில் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் காண்பது உண்மைதான். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும். அப்போது மலம் மஞ்சளாகவும் சிறுநீர் தெளிவாகவும் போகும். இந்தக் குழந்தைக்கு இரண்டும் தலைகீழ். மலத்துக்கு நிறம் தருவது கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர். அது குடலுக்கு இறங்காவிட்டால் மலம் வெளுக்கும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படியும். வெயிலால் இது தீராது.

காரணங்கள் பல: கருவிலோ பிறந்த பின்னோ பற்றிய கிருமி, தைராய்டு குறைபாடு, பாலிலுள்ள கேலக்டோஸ் சர்க்கரையை உடல் ஏற்காத பிறவிக் கோளாறு. நான் மிகவும் அஞ்சுவது பித்தநாள அடைப்பை. ஈரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய் நாராகித் தூர்ந்துபோகிறது. தாய் எதையோ சாப்பிட்டதால் இது வந்தது என்பதற்குச் சான்றே இல்லை. ஒவ்வொரு தாயிடமும் இதை இரண்டு முறை சொல்கிறேன். வீட்டில் பழி அவள்மேல்தான் விழுகிறது.

ஜப்பானின் செண்டாய் நகரில் 1950களில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர், தூர்ந்த குழாயை நீக்கிவிட்டு, குடலை நேராக ஈரலின் வாயிலோடு இணைத்தார். அறுபது நாளுக்குள் செய்தால் பித்தம் இறங்கும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ள ஈரல் இறுகும், வயிற்றில் நீர் கோக்கும். சிகிச்சையே கிடைக்காத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அறுவை பலித்தவர்களிலும் பலருக்குப் பின்னாளில் மாற்று ஈரல் தேவைப்படும். அதுவும் நடக்கிற காரியம்தான்: 1998இல் தில்லியில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தை, வளர்ந்து மருத்துவரானார்.

தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையைப் பெற்றோருக்குக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் செவிலியர்களே, துணியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதினான்கு நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால், இரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபினின் மொத்த அளவோடு, பித்தநீர் இறங்காதபோது உயரும் நேரடி பிலிரூபினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஊசிக் குத்து, சிறிதளவு இரத்தம் போதும்.

அந்தப் பேத்திக்கு நாற்பத்தேழாம் நாள் அறுவை நடந்தது. சில நாள் கழித்து வார்டுக்குள் நுழைந்தேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. இன்னொரு துணியை விரித்துக் காட்டினார். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம்.