அரண்மனைக்குள் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

குரோவாசியா நாட்டின் ஸ்பிளிட் நகரில், ரோமப் பேரரசர் ஒருவரின் அரண்மனை மதிலிலேயே சன்னல் வைத்து, அதன் வெளியே கொடி கட்டித் துணி காயப்போட்டு மக்கள் குடியிருக்கிறார்கள். டயோக்ளீசியன் என்ற அந்தப் பேரரசர், கி.பி. 305-இல் தாமாகவே அரியணையைத் துறந்து, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் தாம் கட்டுவித்த இந்த அரண்மனைக்கு ஓய்வு கொள்ள வந்தார். எதிரே உள்ள பிராச் தீவின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லால் எழுந்த அது, ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்டது; நான்கு வாயில்களோடு கூடிய கோட்டை என்றே சொல்லலாம்.

7-ஆம் நூற்றாண்டில் அவார், சிலாவியர் என்ற இனத்தவர் பக்கத்திலிருந்த சலோனா நகரைச் சூறையாடியபோது, உயிர் தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினார்கள். காவலர் நடந்த வழிகளை வீடுகளாக்கினார்கள். கிறித்தவர்களைக் கொடுமையாக ஒடுக்கிய டயோக்ளீசியனின் எண்கோணக் கல்லறை மண்டபம், அவர் காலத்திலேயே கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸின் பெயரால் பேராலயமாயிற்று. வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது.

என்னை மிகவும் ஈர்ப்பவை நிலவறைகளே. கடலை நோக்கி நிலம் சரிவதால், பேரரசரின் கூடங்களைச் சமமட்டத்தில் தாங்குவதற்கென்று, அதே அமைப்பில் வளைகூரை அறைகளைக் கீழே கட்டியிருந்தார்கள். பின்னாளில் மேலே வீடு கட்டிக்கொண்டவர்கள் அந்தக் கூரையில் துளையிட்டு, கழிவையும் குப்பையையும் உள்ளே கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் குப்பை நிறைந்து கிடந்ததால், யாரும் உள்ளே புகுந்து இடிக்கவோ மாற்றிக் கட்டவோ முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தோண்டி வெளியேற்றியபோது, அறைகள் ஏறத்தாழ முழுமையாகவே கிடைத்தன. மேலே இருந்த கூடங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டாலும், பேரரசர் உணவருந்திய இடம் எது என்பதைக் கீழறையின் வடிவத்தைக் கொண்டே ஆய்வாளர்கள் சொல்ல முடிகிறது.

ரோமானிய அமைப்பு தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பிற்கால வீடுகளை அகற்றலாம் என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மதிலைப் பேணியவர்கள் அதில் சாய்ந்து வீடு கட்டியவர்களே. 1979-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் அரண்மனையை மட்டுமன்று, அதனோடு பின்னிக் கிடக்கும் பழைய நகரையும் சேர்த்துத்தான். ஆனால் அங்குள்ள வீடுகள் இப்போது ஒவ்வொன்றாகச் சுற்றுலாப் பயணிகளின் தங்கும் அறைகளாகி, நெடுநாள் குடியிருந்தவர்கள் மதிலுக்கு வெளியே போய்க்கொண்டிருப்பது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது.