வெடெல் கடலில் அன்று எவ்வளவு பனி? பழைய கப்பல் குறிப்பேடுகளில் ஒரு தேடல்

[திரையில்: அண்டார்டிகா வரைபடம். தென் அமெரிக்காவின் முனைக்குத் தென்கிழக்கே வெடெல் கடல் ஒளிர்கிறது.]

1823 பிப்ரவரி 20. ஜேம்ஸ் வெடெல் என்ற பிரிட்டிஷ் மாலுமி கடல்நாய் வேட்டைக்காக வந்தவர். இரண்டே இரண்டு சிறிய பாய்மரக் கப்பல்களுடன் தெற்கே 74 டிகிரி 15 நிமிட அட்சரேகை வரை போய்விட்டார். அதற்கு முன் அவ்வளவு தெற்கே போனவர் எவரும் இல்லை. அங்கே அவர் கண்டது திறந்த கடல். மிதந்து வந்த சில பனிமலைகளைத் தவிர வழியை மறிக்க எதுவும் இல்லை. பருவம் முடியப்போகிறதே என்றுதான் திரும்பினார். அந்தக் கடலுக்கு இன்று அவர் பெயர்.

அதே கடலுக்கு 1914 டிசம்பரில் எர்னஸ்ட் ஷாக்கில்டன் 'எண்டூரன்ஸ்' கப்பலில் வந்தார். தெற்கு ஜார்ஜியா தீவை விட்டுக் கிளம்பிய இரண்டே நாளில் பனித்திரள் எதிர்ப்பட்டது. ஜனவரியில் கப்பல் பனிக்குள் சிக்கியது. பிறகு மீளவே இல்லை. மாதக்கணக்கில் பனியோடு மிதந்து, நொறுங்கி, 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியது.

[திரையில்: இரண்டு பயணப் பாதைகளும் ஒரே வரைபடத்தில், இரு நிறங்களில்.]

வெடெலை மட்டும் நம்பினால் அது பனியே இல்லாத கடல். ஷாக்கில்டனை மட்டும் நம்பினால் கோடையிலும் உறைந்து கிடக்கும் கடல். இருவர் சொன்னதும் உண்மை. கடற்பனி ஆண்டுக்கு ஆண்டு அந்த அளவுக்கு மாறும். ஷாக்கில்டன் கிளம்பும்போதே, இந்த வருஷம் பனி மோசம் என்று அங்கிருந்த நார்வே திமிங்கில வேட்டைக்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆகவே பழைய காலத்துப் பனியை அறிய ஒரு கப்பலின் கதை போதாது. பல கப்பல்கள், பல ஆண்டுகள் வேண்டும்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். துருவக் கடற்பனியை இடைவிடாமல் அளக்கும் நுண்ணலைக் கருவிகள் 1978 இறுதியில்தான் வேலையைத் தொடங்கின. அதற்கு முன்பு அங்கே போன மனிதர்கள் எழுதி வைத்ததுதான் கதி.

[திரையில்: கோடு போட்ட குறிப்பேட்டுப் பக்கம், மெல்ல நெருங்கும் கேமரா.]

என்ன எழுதினார்கள்? கப்பல் குறிப்பேட்டில் வீரக்கதை கிடையாது. காற்றின் திசை, வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை, கப்பல் போன திசை, நண்பகலில் கப்பல் இருந்த இடம். ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. புதையல் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது: பனித்திரளுக்குள் நுழைந்தோம், சிதறல் பனி, திறந்த நீர் என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதியிருப்பார்கள். சில நாட்களில் பனியையே பார்த்திருக்க மாட்டார்கள், வானத்தைப் பார்த்திருப்பார்கள். தொலைவில் பனிப்பரப்பு இருந்தால் அதன் ஒளி மேகத்தின் அடியில் பட்டு வெண்மையாகத் தெரியும். பனிக்கு நடுவே திறந்த நீர் இருந்தால் அதற்கு மேலே வானம் கறுத்துத் தெரியும். அடிவானத்துக்கு அப்பால் இருப்பதை இப்படிப் படிக்கப் பழகியவர்கள் எழுதிய குறிப்புகள் இவை.

சரி, அவர்கள் எழுதிய இடத்தை நம்பலாமா? சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கையால் போட்ட கணக்கு அது. இதற்கு அருமையான ஒரு சோதனை 2022-இல் நடந்தது. எண்டூரன்ஸ் மூழ்கிய நாளில் மேகம் மூடியிருந்தது. கேப்டன் ஃபிராங்க் வோர்ஸ்லி, முன்பின் நாட்களில் எடுத்த அளவுகளிலிருந்து மூழ்கிய இடத்தைக் கணித்து எழுதினார். 106 ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 5 அன்று, 3,008 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. வோர்ஸ்லி எழுதிய இடத்துக்கு நான்கைந்து கடல் மைல் தெற்கே! நகரும் பனிமேல் முகாமிட்டிருந்தவர் போட்ட கணக்கு இது. செயற்கைக்கோள் பனி வரைபடத்தின் ஒரு கட்டமே பொதுவாக 25 கிலோமீட்டர் அகலம். கணக்கில் இந்தப் பிசகு ஒரு பொருட்டே இல்லை.

[திரையில்: வரைபடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

2016-இல் டாம் எடின்பரோ, ஜொனாதன் டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பேடுகளை மொத்தமாகக் கையில் எடுத்தார்கள். 1897 முதல் 1917 வரை, தென் துருவப் பயணி ஸ்காட், ஷாக்கில்டன் போன்றவர்கள் காலத்துப் பயணங்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில் பனியின் விளிம்பைக் கண்டார்கள் என்று பொறுக்கி எடுத்து, 1989 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் பதிவோடு ஒப்பிட்டார்கள். வெடெல் கடலில் கோடைப் பனியின் விளிம்பு இன்றைவிட 1.0 முதல் 1.7 டிகிரி வடக்கே இருந்திருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 110 முதல் 190. மற்ற பகுதிகளில்? ஏறக்குறைய இன்றைய நிலைமைதான். ஆர்க்டிக்கில் பனி சுருங்கியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எதிர்பாராத விடை.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பனியின் விளிம்பு வேட்டிக் கரை போல நேராக ஓடுவதில்லை. நைந்து, கிழிந்து, தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும். மாலுமி முதல் சிதறலைக் கண்டதுமே குறித்துவிடுவார். செயற்கைக்கோள் வரைபடத்திலோ, ஒரு கட்டத்தில் 15 சதவீதமாவது பனி இருந்தால்தான் அது கணக்கில் வரும். போதாக்குறைக்கு, கோடையில் உருகி நனைந்த பனி நுண்ணலைக் கருவிக்குக் கடல்நீர் போலத் தோன்றக்கூடும். ஒரே நாளில் ஒரே இடத்தில் இருவரும் பார்த்தால்கூட, கப்பல் சொல்லும் விளிம்பு வடக்கே தள்ளித்தான் இருக்கும். கேப்டனின் புத்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பனி குறைந்த வழியைத் தேடித்தான் அவர் கப்பலைச் செலுத்துவார்.

இந்தச் சிக்கலில் ஒரு பெரிய விவாதமே மாட்டிக்கொண்டது. 1997-இல் வில்லியம் டி லா மாரே என்ற ஆய்வாளர் திமிங்கில வேட்டைப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். வேட்டைக்கப்பல்கள் பனி விளிம்பை ஒட்டியே திரியும். பிடித்த ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் இடம் எழுதப்படும். 1950-களின் நடுப்பகுதிக்கும் 1970-களின் தொடக்கத்துக்கும் இடையே கோடைப் பனி விளிம்பு 2.8 டிகிரி தெற்கே போய்விட்டது, பரப்பில் கால் பங்கு குறைந்தது என்றார். கப்பல் பதிவிலிருந்து செயற்கைக்கோள் பதிவுக்கு மாறிய காலமும் அதுவே என்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். குறைந்தது பனியா, அல்லது மாறியது அளவுகோலா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மொத்தப் பழியையும் அளவுகோல்மேல் போட 2.8 டிகிரி மிகப் பெரிய தூரம்.

[திரையில்: 1979 முதல் இன்றுவரை பனிப்பரப்பின் வரைகோடு.]

இந்தப் பழங்கணக்கு இப்போது ஏன்? அண்டார்டிகாவின் குளிர்காலக் கடற்பனி 2014-இல் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்தது. 2023 பிப்ரவரியில் கோடைப் பனி 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சரிந்து எதிர்த்திசையில் இன்னொரு சாதனை. இந்த ஏற்ற இறக்கம் அந்தக் கடலின் பழைய குணமா, புதிய நோயா என்று சொல்ல நாற்பது சொச்சம் ஆண்டுப் பதிவு பத்தாது.

ஆனால் குறிப்பேடுகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. குளிர்காலம். கப்பல்கள் கோடையில் வந்து கோடையிலேயே கிளம்பிவிடும். 1898-இல் உறைந்து மாட்டிக்கொண்ட 'பெல்ஜிகா', பிறகு எண்டூரன்ஸ் போல விருப்பமில்லாமல் தங்கியவர்களும் பனிக்கு நடுவே இருந்தார்களே தவிர, அதன் விளிம்பைப் பார்க்கவில்லை. குளிர்காலத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய முழுப் படங்களில் ஒன்று, 1964-இல் ஒரு மாதம்கூட உயிரோடு இல்லாத 'நிம்பஸ் 1' செயற்கைக்கோள் எடுத்தது. பெட்டிகளில் கிடந்த அந்தப் படச்சுருள்களை மீட்டு அளந்தபோது, அந்தச் செப்டம்பரில் பனி சுமார் 197 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது தெரியவந்தது.